பெனிசிலின் விரதம்

போன மாதம் எனக்கு ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்கள். பிடுங்கியது ஒரு சின்னப் பெண். வெள்ளைக் கோட்டு மட்டும் இல்லாவிட்டால் டாக்டர் என்று சத்தியம் செய்தாலும் நம்பியிருக்க மாட்டேன். கூட வந்த என் மகள், "ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் குடுங்க டாக்டர், எதுக்கும் முன்னெச்சரிக்கையா இருக்கட்டும்" என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "அம்மாவுக்கு அது தேவையில்ல அக்கா. சும்மா குடுத்தா வாயில இருக்கிற கிருமி மருந்துக்குப் பழகிடும். பிறகு வேணுங்கிறப்ப வேலை செய்யாது" என்றது. மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. டாக்டரைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் நம் ஜனத்துக்குத் திருப்தி வராது. நான் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு அந்த நாற்காலியிலேயே அழுதேன். வலிக்கிறது போல என்று இரண்டு பேரும் பதறிப்போனார்கள். வலியாவது கிலியாவது. எனக்கு என் வீட்டுக்காரர் நினைப்பு வந்துவிட்டது.

அவர் அந்தக் காலத்தில் டவுனில், ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில், ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேன். வாய்தான் முதலீடு. தமிழ்ப் பெண்கள் வந்தால் "வாங்க அக்கா, இந்தச் சேலை உங்களுக்காகவே கப்பலேறி வந்துச்சு" என்பார். மலாய்க்காரப் பெண்கள் வந்தால் மலாயில் அதையே சொல்வார். சீனக் கிழவிகளுக்கும் ஏதோ சொல்லிச் சிரிக்க வைப்பார். ஒரு முழத் துணி வாங்க வந்தவர்கள் ஒரு கட்டோடு போவார்கள். அத்தனை பேச்சையும் கடையிலேயே கொட்டிவிட்டு வருகிற மனிதரா என்றால், அதுவும் இல்லை. காஜா பெராங்கில் மலாய் பேசுகிற செட்டிமார் குடியிருந்த கம்பத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு பலகை வீடு, வாடகைக்கு. வாசலில் சைக்கிளைச் சாத்தும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஒன்றுக்கு இரண்டாய்த் திருப்பிக் கொடுப்பேன். எங்கள் வீட்டில் சண்டை நடக்காத நாளில் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம், வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சாக்கிட் கா?" என்று கேட்பார், உடம்புக்கு முடியலையா என்று. அந்த அம்மா சாமிக்கு விபூதி வைப்பார், பொங்கல் பொங்குவார். தமிழ் மட்டும் பேச வராது. ஆனால் நாங்கள் போட்ட சண்டையெல்லாம் அவருக்குப் புரிந்தது.

பேச்சில் இவ்வளவு பலம் இருந்த மனிதருக்கு நெஞ்சில் இல்லை. புக்கிட் ரம்பாய் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து படுத்திருக்கிறார். முழங்கால் வீக்கம் வற்றிப் போனது, ஆனால் இருதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது. அரசாங்க வேலைக்குப் போய் நின்றபோதுதான் அது தெரிந்தது. வேலை கிடைக்கவில்லை. "சர்க்காருக்குக் குடுத்து வைக்கல" என்று சொல்லிவிட்டுத் துணிக்கடைக்கு வந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்பே இதை என்னிடம் சொன்னார். நான் அவர் பேச்சைக் கேட்டு மயங்கிக் கிடந்த நேரம். வால்வு என்ன, இருதயமே இல்லை என்று சொல்லியிருந்தாலும் கட்டிக்கொண்டிருப்பேன்.

எனக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவது முறை நாள் தள்ளியபோது அவரைத் தவிர நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர் எனக்குத் தெரியாமல் வேண்டிக்கொண்டுவிட்டார். குழந்தை நல்லபடியாகத் தங்க வேண்டும், மாசி மகத்துக்கு வாய் அலகு குத்திப் பால் காவடி எடுக்கிறேன் என்று. சொன்னதும் எனக்கு வந்ததே கோபம். "யாரைக் கேட்டு நேந்துகிட்டீங்க? உங்க நெஞ்சு தாங்குமா?" என்று கத்தினேன். "சாமிகிட்ட சொன்னது சொன்னதுதான் புள்ள. இனி அத மாத்த முடியாது" என்றார். மாற்ற முடியாதுதான். வயிற்றில் இருப்பதை வைத்துக்கொண்டு சாமியிடம் பேரம் பேச எனக்கும் துணிச்சல் இல்லை.

ஒன்று மட்டும் செய்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் அவரை எப்போதும் பார்க்கிற டாக்டரிடம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், கோபக்காரர். அலகு என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"உமக்கென்ன விசரே காணும்? வால்வு பழுதான ஆக்கள் வாயில காயம் படுத்தலாமே? வாயில இருக்கிற கிருமி ரத்தத்தில இறங்கி நேரே அந்த வால்வில போய்க் குந்திவிடும். விளங்குதே?"

இவர் தலையை ஆட்டினார். ஆனால் முகத்தில் அந்தச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் மனிதர் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரிந்துவிட்டது.

"சரி, நான் சொல்லிக் கேக்கமாட்டீர். அண்டைக்குக் காலமை என்னட்ட வாரும். குத்த முந்தி ஒரு பெனிசிலின் ஊசி போட்டுவிடுறன். அண்டைக்கு மட்டும்தான்."

அப்போதெல்லாம் பெனிசிலின் என்றால் ஊரே கையெடுத்துக் கும்பிடும். சீழ் பிடித்த காலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் நடந்து திரும்பி வந்த காலம். மருந்துக் கடையில் அதைச் சூப்புகிற மாத்திரையாகவும் வைத்திருந்தார்கள், தொண்டைப் புண்ணுக்கு. நாங்கள் பெனிசிலின் மிட்டாய் என்போம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற வழியில் அவர் சைக்கிளை நிறுத்தி அந்த மிட்டாய் வாங்கினார்.

"டாக்டரு அன்னிக்கு ஒரு ஊசின்னுதானே சொன்னாரு?" என்றேன்.

"அவருக்குக் காவடியப் பத்தி என்னா தெரியும்? அன்னிக்குக் காலையில குளிச்சிட்டு மாலையப் போட்டா அது விரதமா? ஒரு மண்டலம் இருந்தாத்தான் உடம்பு சுத்தமாவும். மருந்தும் அப்படித்தான். இன்னிக்கே ஆரம்பிச்சிட்டா, அலகு குத்துற அன்னிக்கு வாயில ஒரு கிருமி இருக்காது. ஊசியும் போட்டுக்கிறேன், போதுமா?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இப்போதும் யாராவது அப்படிச் சொன்னால் நியாயமாகத்தான் படும். விரதம் இருக்கிறவர்கள் யாரும் கடைசி நாளில் சுத்தமாவதில்லை. தனிப் பாத்திரம், தரையில் படுக்கை, விடியலில் குளியல், கவுச்சி கிடையாது, எல்லாம் மாலை போட்ட நாளிலிருந்தே. அதோடு ஒரு மிட்டாயும் சேர்ந்துகொண்டது. குளித்துச் சாமி கும்பிட்டுத் திருநீறு பூசி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை நாக்கின் அடியில் வைத்துக்கொள்வார். மத்தியானம் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று. விரதத்தில் ஏச்சுப் பேச்சு கூடாது என்று என்னோடு சண்டைக்கும் வரவில்லை. நான் வேண்டுமென்றே எதையாவது இழுத்துப் பார்ப்பேன். அவர் கன்னத்தில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு சிரிப்பார். "எப்பதான் இந்த மாசி வந்து தொலையுமோ" என்று பாத்திரத்தை உருட்டுவேன். சேர்ந்து மாலை போட்டிருந்த மற்ற ஆண்களும் இவரைப் பார்த்துச் சப்ப ஆரம்பித்தார்கள். பஜனைக்கு நடுவில் பார்த்தால் பாதிப் பேர் கன்னம் உப்பியிருக்கும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

மாசி மகத்தன்று காலையில் சொன்னபடி ஊசியும் போட்டுக்கொண்டார். டவுன் கோயிலில் அலகு குத்தினார்கள். ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியே வந்தது அந்தச் சின்ன வேல். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கோயில் மலை இருக்கிற செங் வரைக்கும் வெயிலில் நடந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். முருகா முருகா என்று நான்தான் கத்தினேன், அவருக்கும் சேர்த்து. மலை ஏறிப் பால் ஊற்றி அலகை எடுத்தபோது அவர் முதலில் சொன்னது, "உன் புள்ளைக்கு இனி ஒண்ணும் ஆகாது" என்பதுதான். சொன்ன மாதிரியே என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

சில வாரம் கழித்து அவருக்குச் சாயங்காலத்தில் லேசாக உடம்பு சுட ஆரம்பித்தது. காலையில் இருக்காது. கடைக்குப் போவார், திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். வெயிலில் நடந்த அசதி என்றோம். சாப்பாடு குறைந்தது. சட்டை தொளதொளத்தது. ஒருநாள் நகம் வெட்டிவிட்டபோது நகத்துக்கு அடியில் சிராய் குத்தியது போலக் கோடு கோடாக இருந்தது. மூங்கில் குத்தியதா என்று கேட்டேன். இல்லை என்றார். அந்தக் கையை அப்படியே பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் நகத்தைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்தார், உடனே கட்டில் ஏற்பாடு பண்ணச் சொன்னார்.

பெனிசிலின்தான் கொடுத்தார்கள், ஊசியாக, இராப்பகலாக. இடுப்பில் குத்த இடமில்லை. ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. ரத்தத்தை எடுத்து எங்கோ அனுப்பிக் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உம்மட ரத்தத்தில இருக்கிற கிருமி வாயில இருந்து வந்ததுதான். ஆனா பெனிசிலினுக்கு அசையுதில்லை. நான் தந்த ஒரு ஊசியில இப்பிடி வராதே. முந்தி ஏதும் எடுத்தனீரே?"

இவர் பெருமையாகவே சொன்னார், விரதத்தோடு மிட்டாய் சூப்பிய கதையை. டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஒரு மண்டலமோ! ஐயோ, வாயில கோடிக்கணக்கில கிருமி சீவிக்குது காணும். அதில பெனிசிலினுக்குச் சாகாதது ஒண்டிரண்டு எப்பவும் கிடக்கும். நீர் சூப்பச் சூப்ப மற்றதெல்லாம் செத்துது. சாகாதது மட்டும் வாய் முழுக்கப் பெருகிச்சு. அலகு குத்தேக்க உள்ள இறங்கினது அதுதான். பிறகு என்ர ஊசி அதை என்ன செய்யும்?"

டாக்டர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் மற்ற ஆண்களை நினைத்தேன். அவர்களும்தான் சப்பினார்கள், அவர்களும்தான் அலகு குத்தினார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களுடைய வால்வு நல்ல வால்வு. இதை எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது?

இன்னொரு மருந்து இருந்தது. காசநோய்க்குப் போடுகிற ஸ்ட்ரெப்டோமைசின். பெனிசிலினோடு அதையும் சேர்த்துப் போட்டால் பிழைக்க வழியுண்டு, ஆனால் காது போகலாம் என்றார் டாக்டர். போனால் திரும்பாது. யோசித்துச் சொல்லச் சொன்னார்.

யோசிக்க என்ன இருக்கிறது? எனக்கு மனிதர் வேண்டும், அவ்வளவுதான். அவர் என் முகத்தைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். "போடுங்க டாக்டர். காது போனா நல்லதுதான். இவ சத்தத்துலருந்து தப்பிச்சிக்கலாம்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். ஊசியோடு நின்றிருந்த நர்ஸ் மிஸ்ஸியும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

காய்ச்சல் இறங்கியது. கஞ்சி கேட்டார், பிறகு சோறு கேட்டார். பிழைத்துவிட்டார் என்று மக்சிக் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். அந்த வாரத்தில்தான் காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். ஊசியை நிறுத்த முடியாது, நிறுத்தினால் கிருமி திரும்பிவிடும். அடுத்த முறை நான் போனபோது, "என்னா மெதுவாப் பேசுற?" என்றார். நான் மெதுவாகப் பேசவில்லை. என் வாழ்நாளில் நான் மெதுவாகப் பேசியதே இல்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தார். "இங்க, காதுகிட்ட வா. எதாச்சும் பேசு. பார்வை நேரம் முடியிற வரைக்கும் பேசு" என்றார்.

ஊரை விற்றுவிடுகிற வாய் எனக்கு. ஒரு சொல் வரவில்லை. என்ன பேச? கடைசியாகக் கேட்கப் போகிறவரிடம் என்னத்தைப் பேச? "திட்டவாவது செய்யேன் புள்ள" என்றார். பிறகு, அன்று காலை பசாரில் மீன்காரன் பழைய கெம்போங் மீனைத் தலையில் கட்டப் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். செவுளைத் திறந்து காட்டச் சொன்னேன், அவன் மாட்டேன் என்றான், நானா விடுகிறவள், என்று அவனோடு போட்ட சண்டையை ஒன்று விடாமல் காதுக்குள் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுநடுவே, "அப்புறம்?" என்றார். மணி அடித்து எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள். மிஸ்ஸி என் பக்கத்தில் வந்து நின்றார், ஆனால் என்னை எழுப்பவில்லை. என் வீட்டுக்காரர் காதால் கேட்ட என் கடைசிப் பேச்சு செத்த மீனைப் பற்றியது. எத்தனையோ வைத்திருந்தேன் சொல்வதற்கு. ஒன்றையும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தார். முதலாளி நல்லவர், வேலையை விட்டு அனுப்பவில்லை. கடைக்குப் பின்னால் சரக்கறையில் துணி மடிக்கப் போட்டார். முன்கடையில் வேறொருவர் அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த அன்று ஊரெல்லாம் கொடி. நிறைமாத வயிற்றோடு நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் பாடாங் மைதானத்துக்குப் போனேன். கூட்டம் கையைத் தூக்கி "மெர்டேக்கா! மெர்டேக்கா!" என்று கத்தியது. அவர் வாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கத்துறாங்களா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். கூட்டம் கத்தி முடித்து அமைதியான பிறகு, இவர் கையைத் தூக்கி, தன்னந்தனியாக, அடித்தொண்டையில் "மெர்டேக்கா!" என்றார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆத்திரம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரைவிடப் பெரிதாக நானும் கத்தினேன். பார்த்தால் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கட்டும். அவர் என் வாயைப் பார்த்துவிட்டு மறுபடி கத்தினார். எங்கள் இரண்டு பேருக்கும் சுதந்திரம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

அதற்குப் பிறகு பல வருடம் என்னோடு இருந்தார். அந்தக் கிருமி திரும்பவில்லை. பிழைத்தாரே, அதுவே பெரிது என்பார்கள். பெரிதுதான், யார் இல்லை என்றது? ஆனாலும் நான் ஏங்கினேன், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போதே ஏங்கினேன். சண்டை போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அத்தோடு சண்டை முடிந்துவிடும். அவருக்குத் தன் குரலே கேட்காததால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகி, ஏற்ற இறக்கம் இல்லாமல் போய்விட்டது. கப்பலேறி வந்த சேலை என்று சொன்ன அந்தக் குரல் எங்கேயும் இல்லை. இப்போது மனிதரும் இல்லை. மனிதரைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் குரலுக்கு நான் எங்கே போவேன்?

மெர்டேக்கா முடிந்த கையோடு மகள் பிறந்தாள். குழந்தை அழும்போது அதன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "நல்லா அழுவுறாளா?" என்று கேட்பார். காஜா பெராங்கே கேட்குது என்று உதட்டை அசைப்பேன். என் உதட்டை மட்டும் அவருக்குப் படிக்க வந்தது, மற்றவர்களுடையது வரவில்லை.

அவள் தவழ ஆரம்பித்த பிறகு ஒரு மத்தியானம், கடையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவள் தவழ்ந்து போய் அவர் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, முதல் முதலாக, "ப்பா" என்றாள். நான் அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்து அவருக்கு முன்னால் மண்டியிட்டேன்.

"உங்களத்தான் கூப்புடுறா! அப்பாங்கிறா!"

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "எப்படிச் சொன்னா? சொல்லிக் காட்டு" என்றார்.

"ப்பா" என்றேன்.

"மெதுவா."

"ப்... பா."

"இன்னொரு தடவ."

சொன்னேன். இன்னொரு தடவை என்றார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் அவள் பாட்டுக்கு, "ப்பா, ப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.